சிட்னியில் நாத்தனார், மெல்பனில் தோழி, பெர்த்தில் அண்ணன் மகன்

பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதம் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சொந்தபந்தம் உள்ள பல வீடுகளில் இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் இந்த இதழின் பெரும்பகுதியை அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன். மற்ற வாசகர்களின் கேள்விகள் கடைசியில்.

கேள்வி: எனக்கு 63 வயது. கணவருக்கு 68, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிட்னியில் நாத்தனார் குடும்பம், மெல்பனில் என் கல்லூரித் தோழி, பெர்த்தில் அண்ணன் மகன், பிரிஸ்பேனில் கணவரோடு வேலை பார்த்தவரின் மகள் என்று எல்லோரும் பல வருஷமாகக் கூப்பிடுகிறார்கள். ஐந்து வாரம் போய்வரலாம் என்று முடிவு செய்துவிட்டோம். கணவர் போட்ட திட்டத்தில் நான்கு ஊர்களோடு உலுரு பாறையும் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டும் இருக்கின்றன. இது நடக்குமா?

பதில்: நடக்கும். ஆனால் திரும்பி வந்த பிறகு விமான நிலையங்கள்தான் உங்கள் நினைவில் இருக்கும், நாத்தனார் முகம் இருக்காது.

உங்கள் கணவர் வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறார். அந்த நாட்டின் தூரம் வரைபடத்தில் தெரியாது. சென்னையிலிருந்து டெல்லிக்கு மூன்று மணி நேரத்துக்குள் பறந்துவிடுகிறோம். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். உலுருவுக்கு மூன்றரை மணி நேரம், பவளத்திட்டைப் பார்க்க கெய்ன்ஸ் போனால் மூன்று மணி நேரம். ஒவ்வொரு விமானத்துக்கும் பெட்டி கட்டுவது, வீட்டிலிருந்து கிளம்புவது, காத்திருப்பது, மறுபடி பெட்டியைப் பிரிப்பது என்று ஒரு முழு நாள் போய்விடும். கணவர் இதய சிகிச்சை செய்துகொண்டவர் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

திருச்சியில் விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதுதான்: உறவைப் பார்க்கப் போகிற பயணத்தில் முதலில் ஆட்களை எழுதுங்கள், பிறகு அவர்களுக்கு நாட்களை எழுதுங்கள், மீதி இருந்தால் இடங்களை எழுதுங்கள். உங்கள் ஐந்து வாரத்தை நான் பிரித்தால் சிட்னிக்கு மூன்று வாரம் போகும், மெல்பனுக்கு எட்டு நாள், மிச்சமிருப்பது பெர்த்துக்கு. பிரிஸ்பேன் பெண்ணை ஒரு சனி, ஞாயிறு சிட்னிக்கு வரச் சொல்லிப் பாருங்கள். ஒன்றரை மணி நேர விமானம்தான், இளவயதுக்காரர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. நீங்கள் கேட்டால் சந்தோஷமாக வருவார்.

உலுருவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். பாறை மேல் ஏறுவது 2019 அக்டோபரிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனிதமான இடம், ஏற வேண்டாம் என்று அவர்கள் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றி நடந்து பார்க்கலாம், மிக அழகான இடம்தான். ஆனால் அதற்குத் தனியாக மூன்று நாளும் குளிர்ந்த பருவமும் வேண்டும்.

இன்னொன்று. சிட்னியில் இறங்கி சிட்னியிலிருந்தே திரும்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சிட்னியில் இறங்குங்கள், மெல்பன் போங்கள், கடைசியில் பெர்த் போய் அங்கிருந்தே சிங்கப்பூர் வழியாக வீடு திரும்புங்கள். பெர்த்திலிருந்து சிங்கப்பூர் ஐந்து மணி நேரம்தான், சிட்னியிலிருந்து எட்டு மணி நேரம். இணையத்தில் 'மல்டி சிட்டி' என்ற இடத்தில் இப்படிப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அதற்கு மேல் ஒரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்காமல் ஒரே டிக்கெட்டாக வாங்குவது முக்கியம். சிங்கப்பூரில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போதுதான் விமான நிறுவனத்தைச் சேரும்.

கும்பகோணத்துக்குத் திருச்சி விமான நிலையம் பக்கம். சென்னை வரை போய் அலைய வேண்டாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டு ஊர் வழியாகவும் போகலாம். மலிவு விமானம் என்றால் சாப்பாட்டுக்கும் பெட்டி எடைக்கும் தனிக்கட்டணம் உண்டா என்று பார்த்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்குள் பறக்கும் விமானங்களிலும் இதைக் கவனியுங்கள். இங்கிருந்து 30 கிலோ கொண்டுபோக அனுமதித்திருப்பார்கள், அங்கே உள்நாட்டு டிக்கெட்டில் கைப்பை 7 கிலோ மட்டும் என்று இருக்கும். அதை நிறுத்துப் பார்க்கவும் செய்வார்கள்.

எந்த மாதம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். டிசம்பரும் ஜனவரியும் வேண்டாம். அங்கே கோடை, பள்ளி விடுமுறை, விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும், நண்பர்களே வெளியூர் போயிருப்பார்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் கிளம்புங்கள். சிட்னித் தெருக்களில் ஜகரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்துக் கொட்டும் காலம் அது. வெயில் இதமாக இருக்கும். மெல்பனுக்கு மட்டும் நல்ல ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் காலையில் வெயிலும் மத்தியானம் மழையும் சாயங்காலம் குளிர்காற்றும் ஒரே நாளில் வரும்.

கேள்வி: நாத்தனார் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். கறிவேப்பிலை, கும்பகோணம் வெற்றிலை, பருப்புப் பொடி, மாவடு, பால்கோவா, காபிப் பொடி, நெய், துளசி விதை, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. எதையெல்லாம் கொண்டுபோகலாம்?

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் அவதிப்படுவது இங்கேதான்.

முதலில் பட்டியலில் அடித்துவிட வேண்டியவை: கறிவேப்பிலை, வெற்றிலை, துளசி விதை, பால்கோவா. பேச்சே வேண்டாம். இவற்றோடு பேடா, பர்ஃபி, குலாப் ஜாமூன் மாதிரி பால் சேர்த்த எந்த இனிப்பும் வேண்டாம்.

கறிவேப்பிலையில் என்ன ஆபத்து என்று தோன்றும். கறிவேப்பிலைச் செடி எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் வாழும் ஒரு சின்னப் பூச்சி ஒரு நோயைப் பரப்பும். அந்த நோய் பிடித்த ஆரஞ்சுத் தோட்டத்தைக் காப்பாற்ற முடியாது. பல நாடுகளில் தோட்டம் தோட்டமாக அழித்திருக்கிறது, ஆஸ்திரேலியாவுக்குள் இன்னும் நுழையவில்லை. பால் பொருட்கள் விஷயமும் இப்படித்தான். நம் ஊரில் மாடுகளுக்குக் கோமாரி வருகிறது, அங்கே அது கிடையாது. 2022இல் இந்தோனேசியாவில் கோமாரி பரவியபோது, விமான நிலையங்களில் பயணிகளின் செருப்பு அடி நனைகிற மாதிரி மருந்து விரிப்புகளையே போட்டார்கள். அவர்களுக்குப் பழைய அடிகளும் உண்டு. 1859இல் ஒருவர் வேட்டையாடுவதற்காக விக்டோரியா மாநிலத்தில் சில முயல்களைக் கொண்டுவந்து விட்டார். அவை பெருகி கண்டம் முழுவதும் பரவி மேய்ச்சல் நிலத்தைத் தின்று தீர்த்தன. இதைத் தெரிந்துகொண்டால் சோதனை அதிகாரி நம் பெட்டியைத் திறக்கும்போது கோபம் வராது. அவர் காவல் காப்பது விவசாயிகளின் வயிற்றுப்பாட்டை. டெல்டாக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நெய்யை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே இந்தியக் கடைகளில் நல்ல நெய் கிடைக்கிறது. கறிவேப்பிலையும் கிடைக்கும், பலர் வீட்டுக் கொல்லையிலேயே வளர்க்கிறார்கள்.

காபிப் பொடி தாராளமாகக் கொண்டுபோங்கள், வறுத்து அரைத்ததில் சிக்கல் இல்லை. பித்தளை ஃபில்டரும் சேர்த்துக் கொண்டுபோனால் நாத்தனார் உங்களைக் கொண்டாடுவார். பருப்புப் பொடியும் மாவடுவும் வீட்டில் செய்து பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோவதைவிட, கடையில் சீல் வைத்து, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். வீட்டுக் கைமணம் போய்விடுமே என்று வருத்தமாக இருந்தால், நாத்தனார் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக் கொடுங்கள். பருப்பும் மிளகாயும் பெருங்காயமும் அங்கே கிடைக்கின்றன.

தலையாட்டிப் பொம்மையை வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுப்பார்கள். வைக்கோல் கூடவே கூடாது. குமிழித் தாளிலோ பழைய புடவையிலோ சுற்றுங்கள். மரச் சாமான், மணிமாலை, விபூதி, கோயில் பிரசாதம் எது இருந்தாலும் தெரிவித்துவிடுங்கள்.

தெரிவிப்பது என்றால் என்ன? விமானத்தில் ஒரு பயணி அட்டை தருவார்கள். உணவு, செடி, விலங்குப் பொருள், மரப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று அதில் கேட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் 'ஆம்' என்றே குறியுங்கள். 'ஆம்' என்று குறித்து, பொருளைக் காட்டி, அது அனுமதிக்கப்படாததாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அபராதம் கிடையாது. 'இல்லை' என்று குறித்துவிட்டு பெட்டியில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் வரும், விசாவையே ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் சட்டத்தில் இடமிருக்கிறது. மோப்ப நாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பயப்படாதீர்கள், அது கடிக்காது. அப்புறம், விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பசிக்கும்போது சாப்பிடலாம் என்று கைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தலையில் வைத்த மல்லிகையையும் இறங்குவதற்கு முன் எடுத்து விமானக் குப்பையில் போட்டுவிடுங்கள். செருப்பு, ஷூவின் அடியில் மண் இல்லாமல் தேய்த்துக் கழுவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

பரிசுப் பொருட்களைப் பொறுத்தவரை பெரியவர்கள் தலைக்கு 900 ஆஸ்திரேலிய டாலர் மதிப்பு வரை தீர்வை இல்லை. ரொக்கமாக 10,000 ஆஸ்திரேலிய டாலர் அல்லது அதற்கு மேல் கையில் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். இன்ஷூரன்ஸ் அவசியமா? "தங்கச்சி அங்கே இருக்கிறாளே, பார்த்துக்கொள்வாள்" என்கிறார்.

பதில்: தங்கை பார்த்துக்கொள்வார், அதில் சந்தேகமில்லை. அதனால்தான் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறேன். அந்த நாட்டு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கானது. பிரிட்டன், நியூசிலாந்து மாதிரி சில நாடுகளோடு ஒப்பந்தம் இருப்பதால் அந்த நாட்டு விருந்தாளிகளுக்கும் ஓரளவு கிடைக்கும். இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. நெஞ்சு வலி என்று ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுத்தால் முழுச் செலவும் உங்களுடையது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆம்புலன்ஸுக்குக்கூடக் கட்டணம் உண்டு. அந்த பில்லைத் தங்கை கட்டும்படி ஆகிவிட்டால் ஐந்து வாரச் சந்தோஷமும் கசந்துபோகும்.

பாலிசி வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், 'முன்பே உள்ள நோய்' என்ற பகுதியைப் படியுங்கள். ஸ்டென்டும் சர்க்கரையும் இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, அதற்கும் சேர்த்துப் பாதுகாப்பு உண்டா, எவ்வளவு தொகை வரை என்று எழுத்தில் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் விற்கும் வெளிநாட்டு விருந்தினர் பாலிசிகளும் இருக்கின்றன. அவற்றில் பழைய நோய்களுக்கு 12 மாதக் காத்திருப்புக் காலம் வைப்பது வழக்கம், ஐந்து வாரத்துக்குப் போகிறவருக்கு அது உதவாது. இங்கேயே, முன்பே உள்ள நோய்க்கும் இடம் தரும் மூத்த குடிமக்கள் பயண பாலிசியைத் தேடி வாங்குவதே நல்லது.

மருந்துகள் மூன்று மாதத்துக்கு மிகாத அளவு கொண்டுபோகலாம். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாமல் அப்படியே வையுங்கள். மருந்தின் பொதுப் பெயரோடு ஆங்கிலத்தில் டாக்டர் கடிதம் ஒன்று வாங்குங்கள், அதன் நகல் உங்கள் பையிலும் இருக்கட்டும். இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கு அறையில் உறைந்து கெட்டுவிடலாம். கிழக்கே பறக்கும்போது ஒரு நாளில் ஐந்தரை மணி நேரம் சுருங்கிவிடுகிறது. அந்த நாளில் ஊசியை எப்போது, எவ்வளவு போடுவது என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இதை என் யோசனைப்படியோ பக்கத்து வீட்டார் யோசனைப்படியோ செய்ய வேண்டாம்.

விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். விழித்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றினாலும் பலன் உண்டு. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் 'ஏசியன் வெஜிடேரியன்' என்று டிக்கெட் போடும்போதே குறிக்க வேண்டும், ஏறிய பிறகு கேட்டால் கிடைப்பது சந்தேகம்.

கேள்வி: மூன்று வாரம் நாத்தனார் வீட்டில் தங்கினால் பாரமாகிவிடுவோமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவளும் அவள் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்க நாங்கள் என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதை யோசிக்கிறவர் யாருக்கும் பாரமாக மாட்டார்.

அந்த நாட்டில் வீட்டு வேலைக்கு ஆள் கிடையாது. காலையில் ஆறரைக்கு எழுந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டி, ரயிலைப் பிடித்து, இருட்டும்போது திரும்புகிறவர்கள் அவர்கள். விருந்தாளி வந்திருக்கிறார்களே என்று நாத்தனார் தினமும் லீவு போட முடியாது. முதல் வார இறுதி அவர்களோடு இருங்கள், திங்கட்கிழமையிலிருந்து நீங்களே உங்கள் நாளை ஓட்டப் பழகுங்கள்.

டூங்காபியில் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல இடம். என் தம்பியும் அந்தப் பக்கம்தான், அதனால் தெருவாகவே சொல்ல முடியும். பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட் எல்லாம் ரயிலில் அடுத்தடுத்த நிறுத்தங்கள், நம் ஆட்கள் நிறைய. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து வேரூன்றிய ஈழத் தமிழர்கள் கடைகளும் கோயில்களும் கட்டி வைத்திருப்பதால்தான் பின்னால் போன நமக்கு அங்கே இடியப்பமும் தேங்காய்ப்பூவும் கிடைக்கின்றன. மேஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை போய்ப் பாருங்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் "எந்த ஊர் நீங்கள்?" என்று பேச்சுக் கொடுப்பார், கும்பகோணம் என்று சொன்னால் அப்புறம் உங்களை விடமாட்டார்.

ரயில், பஸ், படகு மூன்றுக்கும் ஓப்பல் அட்டை ஒன்று போதும். வெளிநாட்டில் பயன்படுத்த அனுமதி பெற்ற வங்கி அட்டையையும் அப்படியே தொட்டுக் காட்டிப் போகலாம். ஏறும்போது தொட்டதுபோல் இறங்கும்போதும் தொட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். வார நாளில் கூட்டம் குறைந்த பிறகு, பத்து மணி வாக்கில், பரமட்டா போய் அங்கிருந்து ஆற்றுப் படகில் சர்குலர் கீ படகுத்துறை வரை போங்கள். அலையாத்திக் காடுகள், பழைய வீடுகள் எல்லாம் தாண்டி, 1932இல் திறந்த துறைமுகப் பாலத்தின் அடியில் நுழைந்து, ஓப்பரா ஹவுஸ் எதிரே கொண்டுபோய் இறக்கும். சுற்றுலாக் கப்பலில் பெரிய தொகை கொடுத்துப் பார்ப்பதை ரயில் கட்டண அளவில் பார்த்துவிடலாம்.

கங்காருவும் கோலாவும் பார்க்க, உங்களுக்குப் பக்கத்திலேயே டூன்சைடில் ஃபெதர்டேல் விலங்குப் பூங்கா இருக்கிறது. கோலாவைக் கையில் தூக்கிப் படம் எடுக்க நியூ சவுத் வேல்ஸில் அனுமதி இல்லை, பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளலாம். பேட்டைக்குப் பேட்டை பொது நூலகம் உண்டு. உட்கார்ந்து படிக்க உங்கள் கணவருக்கு அருமையான இடம்.

வீட்டுக்குள் சில விஷயம். தாளிக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். கூரையில் புகை எச்சரிக்கை மணி இருக்கும், மிளகாய் கருகினால் ஊரைக் கூட்டும். மெல்பன் தோழி அடுக்குமாடியில் இருக்கிறார் என்றால் இன்னும் கவனம். புகையை வெளியேற்ற ஜன்னலைத் திறக்க வேண்டும், நடைவழிக் கதவைத் திறக்கக் கூடாது. நடைவழி மணி அடித்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும், வீண் அழைப்புக்கான கட்டணமும் வரும். குளியலறையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்க முடியாது. குளிக்கும் தடுப்புக்கு வெளியே உள்ள தரை ஈரமானால் வழுக்கும், தண்ணீர் அடுத்த அறைக்கும் போகும். குப்பைத் தொட்டி மூடி நிறத்தைப் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். மறுசுழற்சிக்கு மஞ்சள் மூடி, மற்ற குப்பைக்குச் சிவப்பு. எந்த நாள் எதை வாசலில் வைப்பது என்று கேட்டு அந்த வேலையை உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம்.

சமையலறை நாத்தனாருடையது. இரவுச் சாப்பாட்டை நீங்கள் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அலமாரியை மட்டும் மாற்றி அடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை மளிகைச் செலவை நீங்கள் கொடுங்கள். மறுப்பார்கள், கடையில் நீங்களே அட்டையை நீட்டிவிடுங்கள்.

நடைப்பயிற்சிக்குத் தொப்பி கட்டாயம். அந்த ஊர் வெயில் சூடாகத் தெரியாது, ஆனால் புற ஊதாக் கதிர் கடுமை. தோல் புற்றுநோய் அங்கே பெரிய பிரச்சினை என்பதால் பள்ளிக் குழந்தைகள்கூடத் தொப்பி இல்லாமல் வெளியில் விளையாட முடியாது. வசந்த காலத்தில் மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை கூட்டைக் காக்கத் தலையில் கொத்த வரும், அதற்கும் தொப்பி உதவும்.

மெல்பனில் தோழியோடு பேசத்தானே போகிறீர்கள், பேசுங்கள். எட்டு நாளில் ஒன்றைக் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கும், இரண்டைக் கிரேட் ஓஷன் ரோட்டுக்கும் கொடுத்தால் போதும். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கையாலேயே வெட்டிப் போட்ட கடலோரச் சாலை அது. ஒரே நாளில் போய்த் திரும்புவது உடம்பை முறிக்கும், வழியில் ஒரு இரவு தங்குங்கள்.

பெர்த்தில் ஒரு மாலை அண்ணன் மகனை காட்டஸ்லோ கடற்கரைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். பூம்புகாரிலும் நாகப்பட்டினத்திலும் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அங்கே இந்தியப் பெருங்கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது தனி அனுபவம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): மெல்பனில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு 77 வயது அப்பாவை அனுப்ப வேண்டும். விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்பார்களா?

பதில்: கேட்பார்கள். 75 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு விசிட்டர் விசாவுக்கே பரிசோதனை உண்டு. அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும், குடும்ப டாக்டர் சான்று செல்லாது. ஆகவே வழக்கத்தைவிடச் சில வாரம் முன்னதாக விண்ணப்பியுங்கள். 600 என்ற எண் கொண்ட விசிட்டர் விசா இது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள், மின்னஞ்சலில் கடிதம் வரும். அந்தக் கடிதத்தை முழுக்கப் படியுங்கள். விசா ஒரு வருஷம் செல்லும் என்று இருந்தாலும், ஒரு தடவை போனால் மூன்று மாதம்தான் தங்கலாம் என்று இருக்கக்கூடும். 8503 என்ற எண்ணில் நிபந்தனை போட்டிருந்தால், அங்கே இருந்துகொண்டே நீட்டிப்புக் கேட்க முடியாது என்று பொருள். திரும்பி வரும் தேதியை அதற்கேற்பப் போடுங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): மனைவியோடு போகிறேன். சிட்னியிலிருந்து மெல்பனுக்கு நானே கார் ஓட்டிப் போகலாமா?

பதில்: போகலாம் ஐயா, அங்கேயும் நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். 900 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும், இடையில் ஒரு இரவு தங்குங்கள். விமானத்தில் இறங்கிய மறுநாளே ஓட்ட வேண்டாம், தூக்கம் சரியாக இரண்டு மூன்று நாள் ஆகும். வேகக் கேமராவும், கையில் போன் வைத்திருப்பதைப் பிடிக்கும் கேமராவும் உண்டு. பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும், இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி (காரைக்குடி வாசகி): என் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது. தனியாக சிங்கப்பூரில் விமானம் மாறி, சிட்னியில் இருக்கும் தம்பியிடம் போக வேண்டும். எப்படிச் சமாளிப்பார்கள்?

பதில்: டிக்கெட் போடும்போதே இருவருக்கும் சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். நடக்க முடிகிறவர்கள்தானே என்று தயங்க வேண்டாம், பெரிய விமான நிலையத்தில் நீண்ட தூரம் நடக்க வேண்டியிருக்கும். உதவியாளர் அவர்களை ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு அழைத்துப் போவார். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி, தமிழ் பேசுகிறவர் யாராவது கண்ணில் படுவார்கள். இணைப்புக்கு மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

சிட்னியில் பயணி அட்டையைப் பற்றித்தான் கவலை. உணவு கொண்டுபோனால் எந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று குறிக்க வேண்டும் என்று மாதிரி ஒன்றை நிரப்பிக் கையில் கொடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்து விமானப் பணிப்பெண் உதவுவார். அதிகாரி ஏதாவது கேட்டால் "தமிழ் இன்டர்பிரட்டர்" என்ற இரண்டு வார்த்தை சொன்னால் போதும், தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி அங்கே உண்டு. ஒரு தாளில் தம்பியின் வீட்டு முகவரி, அவருடைய போன் எண், இரண்டு விமானங்களின் எண்கள், அப்பா அம்மா சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அப்பா சட்டைப் பையில் ஒன்று, அம்மா கைப்பையில் ஒன்று வைத்துவிடுங்கள்.